ஓலையின் பதமும் நூலின் இழுவையும்

வெள்ளவத்தையில் தொடர்மாடிக் குடியிருப்பொன்றில் வாழும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: வங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு. மரபான கைவேலை ஒன்றைப் பழக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நெசவு, மெழுகு பூசிச் சாயமிடும் பத்திக், மரக்கட்டைகளால் பின்னும் பீரலு, கொக்கியால் பின்னும் குரோஷே, ஓலைப்பின்னல் என்று தொடக்க வகுப்பு விளம்பரங்கள் பல கண்ணில் படுகின்றன. எதிலிருந்து தொடங்குவது? ஒரு நாள் வகுப்பு போதுமா? காணொளி பார்த்துப் பழகினால் ஆகாதா? சாவகச்சேரியில் வாழ்ந்த அம்மம்மா பனையோலையில் இழைத்த சிறு கொட்டப்பெட்டி ஒன்று அலுமாரியில் இருக்கிறது, அதில் பூஞ்சணம் பிடித்து, விளிம்பில் ஓர் இடம் பிரிந்தும்விட்டது, என்ன செய்யலாம்?

சகோதரி, நான் தறியில் உட்காரத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கடந்த சில ஆண்டுகளாகக் கொழும்பில் தொடக்கநிலையினருக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். ஆகையால் நெசவின் பக்கம் என் மனம் சற்றுச் சாய்ந்தே இருக்கும். இருந்தும் உங்கள் கடிதத்தை வாசித்தபோது, நெசவுக்கு முன்னர் ஓலையைத் தொடுங்கள் என்று சொல்லவே தோன்றியது. அதற்கான காரணத்தைச் சொல்லுமுன் இந்த வேலைகளைப் பிரித்துப் பார்க்கும் முறையொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரங்கள் இவற்றைச் செய்து முடித்த பொருளின் படத்தைக் காட்டியே விற்கின்றன: சுவரில் தொங்கும் நெசவு, கழுத்துத் துண்டு, கூடை. ஆனால் நீங்கள் மணிக்கணக்காகச் செய்யப்போவது கையின் ஓர் அசைவைத்தான். அந்த அசைவு உங்களுக்கு இசைகிறதா என்பதே முதலில் தெரிய வேண்டியது. நம் மொழி இதை நன்றாகவே பிரித்து வைத்திருக்கிறது. பஞ்சை நூற்கிறோம், தும்பைத் திரிக்கிறோம், துணியை நெய்கிறோம், கிடுகைப் பின்னுகிறோம், பெட்டியை இழைக்கிறோம், கூடையை முடைகிறோம், பூவைக் கட்டுகிறோம். ஒவ்வொரு வினைக்குள்ளும் வேறொரு கையசைவு இருக்கிறது. நூற்பதில் இரண்டு விரல்கள் இடைவிடாமல் ஓர் இழையை நழுவவிட்டுக்கொண்டே இருக்கும். நெய்வதில் தோளிலிருந்து கை முழுவதும் ஒரே தாளத்தில் ஓடும். இழைப்பதில் பெருவிரலும் சுட்டுவிரலும் மடித்து, அழுத்தி, விடும். பழந்தமிழில் பனுவல் என்ற சொல், நூற்ற இழைக்கும் எழுதிய நூலுக்கும் பொதுவாக நின்றது. இந்த அசைவுகளில் ஒன்றேனும் உங்கள் வீட்டுப் பெண்களின் கையில் இருந்திருக்கும். செட்டியார் தெருக் கோயில்களின் முன்னால் வாழைநாரில் பூக்கட்டுபவரை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு கை பூவைச் சேர்க்க, மறுகை நாரை வளைத்து முடிச்சிட்டு இறுக்குகிறது. நீங்கள் சிறுவயதில் பூக்கட்டப் பழகியிருந்தால், நார்வேலையின் முதல் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இனிக் காணொளி பற்றி. முடிச்சை, கண்ணியை, ஒன்று விட்டு ஒன்று செல்லும் முறையைக் காணொளி நன்றாகவே காட்டும். பதத்தை அது காட்டாது. பாகுக்குப் பதம் இருப்பது போல ஓலைக்கும், மெழுகுக்கும், நூலை இழுக்கும் இழுவைக்கும் பதம் உண்டு. ஓலையை எடுத்துக்கொள்வோம். இழைப்பதற்குப் பனையின் முற்றிய ஓலை உதவாது; விரியாத இளம் ஓலையை வெட்டி, வெயிலிலும் பனியிலும் போட்டுக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்க வேண்டும். வார்ந்த ஓலை நன்கு உலர்ந்திருந்தால் மடிக்கும்போது வெடிக்கும். ஆகவே இழைக்குமுன் ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். ஈரம் மிகுந்துவிட்டால் கையில் வெண்ணெய் போல வளையும், இழைப்பதும் சுகமாக இருக்கும். ஆனால் இரண்டு நாளில் அது உலர்ந்து சுருங்கியதும் பெட்டியின் இழைகளுக்கிடையே வெளிச்சம் தெரியும். சரியான ஈரம் எவ்வளவு என்று கேட்டால் எந்தப் பெரியம்மாவும் அளவு சொல்லமாட்டார். ஓலையை விரலில் சுற்றிக் காட்டி, “இப்பிடி இருக்க வேணும்” என்பார். அதை உங்கள் விரலில் ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும். பத்துக் காணொளி பார்த்தாலும் விரலுக்கு அது எட்டாது.

நெசவிலும் இதே கதைதான், ஆனால் அங்கே ஈரத்தின் இடத்தில் இழுவை நிற்கிறது. தறியில் நீளவாக்கில் இறுக்கிக் கட்டியது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. என்னிடம் வருபவர்களில் ஏறக்குறைய எல்லாரும் முதல் நாளில் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஊடை தொளதொளவென்று இருக்கிறதே என்று பயந்து ஒவ்வொரு வரியிலும் அதை இழுத்துவிடுவார்கள். பத்து வரி கழிந்தபின் பார்த்தால் துணியின் இரு கரைகளும் உள்நோக்கி ஒடுங்கி, உடுக்கின் வடிவத்துக்கு வந்திருக்கும். ஊடை நேர்கோடாகப் பாவுக்குள் கிடக்கப்போவதில்லை. ஒவ்வொரு பாவிழைக்கும் மேலும் கீழுமாக வளைந்து செல்லப்போகிறது, அந்த வளைவுக்குரிய கூடுதல் நீளம் அதற்கு வேண்டும். ஆகவே ஊடையைச் சாய்வாகவோ சிறு வில்லாகவோ கிடத்திவிட்டு, பிறகே தறியின் சீப்புப் போன்ற அச்சால் அடிக்க வேண்டும். வாயால் சொன்னால் ஒரு நிமிடப் பாடம். கையில் இறங்குவதற்கு ஒருவருக்கு மூன்று மணித்தியாலமும் எடுக்கும், மூன்று கிழமையும் எடுக்கும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் உங்கள் பாவின் மேல் உள்ளங்கையை வைத்து, “இந்த ஓரம் தளர்ந்திருக்கிறது, அந்த ஓரம் இறுகியிருக்கிறது, நீங்களும் தொட்டுப் பாருங்கள்” என்று சொல்வதற்காகத்தான் வகுப்புக்குப் போகிறோம்.

அதனால், ஒரு நாள் வகுப்பு போதுமா என்ற உங்கள் கேள்விக்கு நான் வகுப்பின் நீளத்தை வைத்துப் பதில் சொல்லமாட்டேன். அன்றைக்கு எதை உங்கள் கையில் விடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் நானே ஒரு பத்திக் வகுப்புக்குப் போயிருந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். துணி சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தது, அதன்மேல் தாமரை ஏற்கெனவே பென்சிலால் வரையப்பட்டிருந்தது, மெழுகு சட்டியில் பதமாக உருகியிருந்தது, சாயங்கள் கிண்ணங்களில் கரைந்திருந்தன. நாங்கள் பன்னிரண்டு பேரும் தூரிகையை எடுத்துக் கோட்டின் மேல் மெழுகு பூசினோம், தேநீர் குடித்தோம், மாலையில் ஆளுக்கொரு அழகான துண்டோடு வீடு திரும்பினோம். அடுத்த ஞாயிறு வீட்டில் அதே வேலையைச் செய்ய முயன்றபோது எனக்கு எதுவுமே தெரியவில்லை என்பது தெரிந்தது. மெழுகை எவ்வளவு சூடாக்குவது, எதில் கலப்பது, சாயம் ஏன் துணியில் நிற்கவில்லை என்ற எல்லா அறிவும் நாங்கள் வருமுன்னரே யாரோ ஒரு உதவியாளரின் கையில் முடிந்துபோயிருந்தது. அந்தத் துண்டு இன்றும் என் மேசைவிரிப்பாகப் பயன்படுகிறது. ஆகவே காசு வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அன்று வாங்கியது ஒரு துண்டு. பத்திக் கற்றேன் என்று சொல்ல முடியாது.

ஆகவே பதிவு செய்யுமுன் தொலைபேசியில் சில விடயங்களைக் கேளுங்கள். மூலப்பொருளை நாமே தயார் செய்வோமா, அல்லது தயாராக இருக்குமா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? எட்டுப் பேரைத் தாண்டினால் உங்கள் இழுவையை யாரும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை என்பது என் அனுபவம். தவறினால் அவிழ்த்துவிட்டு மீண்டும் செய்ய நேரம் விடுவார்களா? வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கருவி ஏதேனும் கிடைக்குமா, அல்லது அது இல்லாமல் வீட்டில் எப்படிப் பழகுவது என்று சொல்வார்களா? “எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், நீங்கள் வெறுங்கையோடு வந்தால் போதும்” என்று மகிழ்ச்சியாகப் பதில் வந்தால், அது பொழுதுபோக்குக்கு நல்ல வகுப்பு. கற்பதற்கு வேறிடம் தேடுங்கள்.

இப்போது ஓலைக்கு வருகிறேன். தொடர்மாடியில் வாழ்பவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. தறி வேண்டாம், அடுப்பு வேண்டாம், சாயம் வேண்டாம். ஒரு சிறு கத்தி, ஒரு ஈரத்துணி, உட்காருவதற்கு ஒரு பாய், அவ்வளவுதான். பிழை உடனே கண்ணுக்குத் தெரியும், அவிழ்ப்பதும் எளிது. முதலில் இரண்டு ஓலைகளைக் குறுக்காக வைத்து மேலும் கீழுமாகச் செல்லும் தட்டையான சதுரம் ஒன்றை இழைக்கப் பழகுவீர்கள். அது பாயின் பின்னல்தான். அதுவரை எவருக்கும் சிரமம் இராது. பெட்டியின் உண்மையான பாடம் அடுத்ததில் இருக்கிறது: தட்டையாகக் கிடக்கும் அந்தச் சதுரம் மூலையில் மடிந்து சுவராக எழ வேண்டும். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இரண்டு ஓலைகளைப் பிடித்து ஒன்றையொன்று குறுக்கே போடும்போது, மூலை இருந்த இடம் பக்கமாகி, பக்கம் இருந்த இடம் மூலையாகும். தாளில் படம் போட்டுக் காட்டினால் ஒருவருக்கும் விளங்காது, கையில் பிடித்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். என் மாணவி ஒருவர், கணக்காளர், முதல் மூலை எழுந்ததும் அதை அவிழ்த்துவிட்டு மறுபடி எழுப்பினார். அப்படியே நான்கு முறை செய்தார். பெட்டியை முடிப்பதில் அவருக்கு அன்று அக்கறையே இருக்கவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. பனையோலை வேலையைக் கற்பிக்கக்கூடியவர்களைத் தேடி நீங்கள் வடக்குக்குப் போகத் தேவையில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளின் தொடர்மாடிகளில், பிள்ளைகளோடு வந்து குடியேறிய எழுபது வயதைக் கடந்த அம்மாமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இளமையில் நீற்றுப்பெட்டியும், சுளகும், விளிம்பில் நார் வைத்துக் கட்டிய கடகமும் இழைத்தவர்கள். கேட்டால், “அதெல்லாம் இப்ப ஆருக்கு வேணும் பிள்ளை” என்று முதலில் மறுப்பார்கள். மறுப்பில் கூச்சமும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இந்த வேலைகள் வறுமையோடும், சில இடங்களில் சாதியோடும் பிணைத்துப் பார்க்கப்பட்டவை. செய்தவர்களை மதியாமல் செய்த பொருளை மட்டும் பாவித்த சமூகம் நாம். இன்று அதே பொருள் நகரத்து வரவேற்பறையில் அலங்காரமாகும்போது, அதை இழைத்த கைக்கு உரிய மரியாதையும் கூலியும் போக வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா என்பதற்காக இலவசமாகக் கற்க முயலாதீர்கள். வகுப்புக்குக் கொடுக்கும் கட்டணத்தை அவருக்கும் கொடுங்கள். காசாக வாங்கமாட்டார் என்றால் வேறு வழியில் செய்யுங்கள், ஆனால் செய்யுங்கள்.

ஓலை கிடைப்பதுதான் கொழும்பில் ஒரே தொல்லை. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் செய்து முடித்த பொருள்களைப் பார்க்கலாம். இழைகளின் அகலத்தையும் விளிம்பு மடிப்பையும் உற்றுப் பார்ப்பதற்கு அது நல்ல இடம். வார்ந்த ஓலையை யாழ்ப்பாணத்திலிருந்து வரும் உறவினர் ஒருவரிடம் சொல்லி எடுப்பிப்பதே நாங்கள் எல்லாரும் செய்வது. இரவு பஸ்ஸில் ஒரு கட்டு ஓலை வருவது பெரிய சங்கதி இல்லை. அது கிடைக்கும்வரை தென்னோலையில் பழகலாம். கோயில் தோரணமும் கிடுகும் பின்னிய மரபு நமக்கு இருக்கிறதே. தென்னோலை பச்சையாகவே மடியும், ஆனால் உலர்ந்ததும் சுருங்கி நிறம் மாறும். பழகுவதற்கு உதவும், வைத்திருப்பதற்கு உதவாது.

நெசவு வகுப்புக்குப் போவதானால், முதலில் பெரிய தறியைத் தேடாதீர்கள். கையளவு மரச்சட்டம் ஒன்றில், அல்லது தடித்த அட்டையில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டாக இரு ஓரங்களிலும் வெட்டிப் பாவு சுற்றியே தொடங்கலாம். நூல் தடித்ததாக இருக்கட்டும். கடையில் 2/40 என்பது போன்ற எண்களைக் காண்பீர்கள். அதன் பொருள் இது: ஒரு இறாத்தல் எடையில் 840 யார் நீள நூற்கழிகள் (நூல் சுருள்கள்) எத்தனை அடங்குகின்றனவோ அதுவே நூலின் இலக்கம். நாற்பதாம் இலக்க இழை இரண்டை முறுக்கிச் சேர்த்தது 2/40. ஒரு இறாத்தலில் ஏறத்தாழ 16,800 யார் இருக்கும். இலக்கம் கூடக் கூட நூல் மெல்லியது. சேலைக்கும் சாரத்துக்கும் அது அழகு, தொடக்கக்காரரின் கண்ணுக்கும் பொறுமைக்கும் அது தண்டனை. பத்தாம் இலக்கத்துக்கு அண்மையான தடித்த பருத்தி நூலை எடுத்தால் ஒவ்வொரு இழையும் எங்கே போகிறது என்பது தெரியும். கொழும்பின் ஈரக்காற்று பருத்திக்கு நல்லது, ஏனெனில் நனையும்போது வலிமை கூடும் நார் அது. நீங்கள் நெய்த துண்டைத் தறியிலிருந்து இறக்கி நனைத்ததும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அடுத்த முறை அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெரிய தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்வதை ஒருமுறையேனும் பார்த்துவிடுங்கள். மருதமுனைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். அங்கே கைத்தறி வீட்டோடு வீடாக இருக்கிறது, சொல்வதும் தமிழில் சொல்வார்கள். கொழும்பிலேயே நிறங்களைப் பார்ப்பதற்குக் காலி வீதியிலுள்ள பேர்ஃபூட் கைத்தறிக் கடைக்குப் போகலாம். 1964இல் அதைத் தொடங்கிய பார்பரா சன்சோனி 2022இல் மறைந்தார். கன்னியர் மடமொன்றில் பெண்களுக்கு நெசவு பழக்கும் முயற்சிக்கு நிறங்களைத் தெரிவுசெய்து கொடுப்பதில் அவருடைய பயணம் தொடங்கியது. அங்கே போனால் வாங்குவதற்கு முன் ஒரு துணியின் ஒரு சதுர அங்குலத்தை மட்டும் பாருங்கள். தூரத்தில் ஒரே நிறமாகத் தெரிவது அருகில் இரண்டு நிறங்களாகப் பிரியும்: பாவு ஒன்று, ஊடை வேறொன்று.

வெள்ளவத்தைக்காரர் என்பதால் ஒரு கிளைக்கதை. ஹவ்லொக் வீதியின் ஓரத்தில் இன்று உயர்மாடிகள் நிற்கும் நிலத்தில் ஒருகாலத்தில் பெரிய நூல் நெசவாலை இயங்கியது. உங்கள் வட்டாரத்து மூத்தவர்கள் சிலர் ஆலைச் சங்கின் நேரத்தைச் சொல்லியே வளர்ந்தவர்களாக இருக்கலாம். துணி எங்கிருந்து வருகிறது என்பது அந்தத் தலைமுறைக்குக் காதில் விழுந்துகொண்டிருந்த விடயம்.

பீரலு பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலி, வெலிகம பக்கத்துச் சிங்களப் பெண்கள் காத்துவந்த ரேந்தைப் (லேஸ்) பின்னல் இது. போர்த்துக்கேயரோடு வந்ததென்பதே பொதுவான கருத்து. பின்னலுக்குரிய சிறு மரக்கட்டையை அவர்களுடைய மொழியில் பில்ரோ என்பார்கள், பீரலு என்ற பெயர் அதிலிருந்தே வந்திருக்கிறது. உருளைத் தலையணையில் புள்ளியிட்ட தாளைச் சுற்றி, புள்ளிகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளைச் சோடி சோடியாக மாற்றிப் போடுவார்கள். தலையணையில் தொங்கும் கட்டைகளைப் பார்த்தால் தலை சுற்றும், ஆனால் அடிப்படை அசைவு இரண்டே இரண்டு. நான்கு கட்டைகளில் நடு இரண்டை இடமிருந்து வலமாக ஒன்றன்மேல் ஒன்று மாற்றுவது ஒன்று. ஒவ்வொரு சோடியிலும் வலது கட்டையை இடது கட்டையின் மேல் போட்டு முறுக்குவது மற்றது. முழு ரேந்தையும் இவ்விரண்டின் வரிசைமாற்றமே. எண்ணிக்கையில் மனம் லயிப்பவர்களுக்கு, வங்கியில் இருப்பவருக்கும்தான், இது பிடித்துப்போகும். கருவியும் இடமும் சிறியவை. ஒரே கஷ்டம், பாதியில் எழும்பினால் எங்கே விட்டோம் என்பது மறந்துவிடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் குண்டூசித் தலையணை இருக்கவும் கூடாது.

பத்திக்கைத் தொடர்மாடியில் செய்வதை நான் ஊக்குவிக்கமாட்டேன். தேன்மெழுகு 62 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். அதைவிட அதிகம் சூடாக்கினால்தான் துணிக்குள் இறங்கும், கவனம் தப்பினால் புகைந்து தீப்பற்றும். ஆகவே நேரடி நெருப்பில் வைக்காமல் கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவதே பாதுகாப்பு. தேன்மெழுகு துணியோடு வளையும், பரஃபின் மெழுகு வெடித்துக் கோடு விடும். இரண்டையும் கலக்கும் விகிதத்தில்தான் அந்த மயிரிழைக் கோடுகள் பிறக்கின்றன. சாயம் குளிர்நீரில் பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும், வெந்நீர் மெழுகைக் கரைத்துவிடும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிக்க வேண்டும். கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுத்த பின் அந்த நீரைக் குசினித் தொட்டியில் ஊற்றினால், மெழுகு குழாய்க்குள் உறைந்து, மேல்மாடி கீழ்மாடி எல்லாருடைய கோபமும் உங்கள் தலையில் விழும். முற்றம் உள்ள இடத்தில், பத்திக் கலைஞர் ஏனா டி சில்வா மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களோடு செய்தது போலக் கூட்டாகச் செய்யும்போதுதான் அந்த வேலைக்கு அழகு. வகுப்பில் செய்யுங்கள், வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

குரோஷே மிக எளிதில் தொடங்கக்கூடியது. ஒரு கொக்கி, ஒரு நூலுருண்டை, பஸ்ஸிலும் செய்யலாம். காணொளி போதும் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே வேலை இதுதான். நூற்பு வகுப்பு எங்கேனும் கண்டால், கம்பளி நூற்கும் தொங்கு கதிரில் பருத்தியைக் கற்பிக்கிறார்களா என்று கேளுங்கள். பருத்தியின் நார் குட்டையானது, தொங்கும் கதிரின் பாரத்தைத் தாங்காமல் தொடக்கக்காரர் கையில் அறுந்துகொண்டே இருக்கும். கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றும் தக்கிளிதான் அதற்கு ஏற்றது.

தும்பறைப் பாயை ஞாயிறு வகுப்பில் கற்க எண்ணாதீர்கள். அதைப் போய்ப் பாருங்கள். கண்டி குண்டசாலைக்கு அருகிலுள்ள ஹேனாவல கிராமத்தில், கற்றாழையை ஒத்த ஹண இலையைச் சுரண்டி நாரெடுத்து, பதங்கிக் கட்டையில் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் ஏற்றி, நிலத்தோடு அமைந்த தறியில் நெய்யும் அந்தக் கலை 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒரு நாள் நின்றால் நார் எடுப்பதற்கே எவ்வளவு நேரம் செல்கிறது என்பது புரியும். கடையில் விலையைப் பார்த்து முகம் சுளிக்கும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

நாட்டின் கைத்தொழிலுக்கான அரச நிறுவனங்கள் சிலவற்றை 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அமைத்தது. தேசிய அருங்கலைகள் பேரவை அதில் ஒன்று. அவர்களுடைய பயிற்சிகள் பெரும்பாலும் தொழிலாகச் செய்ய விரும்புவோருக்கானவை. ஞாயிறு மட்டும் கிடைக்கும் ஒருவருக்குப் பொருந்துமா என்பதை நேரில் விசாரித்தே அறிய வேண்டும். கொழும்பின் தனியார் வகுப்புகளில் பல சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. அதற்காகத் தயங்காதீர்கள், கைவேலை வகுப்பில் பேச்சு குறைவு. ஆனால் தமிழ்ச் சொற்களை நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பாவு, ஊடை, விழுது (பாவிழையைத் தூக்கும் கண்ணி), அச்சு, தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) என்று. பின்னொரு நாள் மருதமுனையில் ஒரு நெசவாளரோடு கதைக்கும்போது அவை உதவும்.

வெளியிலிருந்து வந்து நம் நாட்டில் கற்ற பெண் ஒருவரை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. கொள்ளுப்பிட்டியில் 1877இல் பிறந்த கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்காக 1903இல் திரும்பி வந்தபோது, அவருடைய மனைவி எதெலும் உடன் வந்தார். கணவரோடு கிராமம் கிராமமாகச் சென்று நெசவையும் தையல் வேலைப்பாட்டையும் பார்த்துக் குறித்தவர், இங்கிலாந்து திரும்பிய பின் தாமே தறியில் அமர்ந்து, எதெல் மைரெட் என்ற பெயரில் அந்நாட்டுக் கைநெசவை மீட்டெடுத்தவர்களுள் முதன்மையானவரானார். டிச்லிங் கிராமத்திலிருந்த அவரது பட்டறைக்கு நெசவு பழகப் பலர் தேடிச் சென்றனர். நம் கிராமங்களின் தறிகளைப் பார்த்துத் தொடங்கிய ஆர்வம் அது.

வகுப்பு முடிந்த பிறகு என்ன செய்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த வகுப்புக்கு உடனே பதிவு செய்யாதீர்கள். கற்ற ஒரே சதுரத்தை, உள்ளங்கை அளவில், ஐந்து முறை திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொன்றின் பின்னும் தேதியை எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். ஞாயிறு மூன்று மணித்தியாலம் தொடர்ந்து இருப்பதைவிட, வேலைவிட்டு வந்து இரவு உணவுக்கு முன் கால்மணி நேரம் இருப்பது கைக்கு நல்லது. களைத்த விரல் இழுவையை மறந்துவிடும். ஐந்தாவது சதுரமும் முதலாவதைப் போலவே இருந்தால் ஆசிரியரிடம் அவற்றை எடுத்துச் சென்று காட்டுங்கள். நல்ல ஆசிரியர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், கரையைத்தான் பார்ப்பார்.

இனி அம்மம்மாவின் கொட்டப்பெட்டி. அதைக் கழுவ வேண்டாம், சவர்க்காரம் போட வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் பூஞ்சணத்தை வெளிப்புறமாகத் தட்டி எடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் நிழலில், காற்றுப் படும்படி வையுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் பழைய ஓலை வெடிக்கும். மீண்டும் அலுமாரிக்குள் பொலித்தீன் பையில் சுற்றி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்ததே அதனால்தான் இருக்கும். பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வையுங்கள். விளிம்பில் ஓர் இடம் பிரிந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். பிரிந்த இடத்தில் ஓலை எந்தப் பக்கம் மடிந்து, எத்தனை இழைகளுக்கு அடியில் செருகியிருக்கிறது என்பது இப்போது வெளியே தெரியும். முழுப் பெட்டியில் அது மறைந்திருக்கும். அந்த இடத்தை அருகில் பிடித்துப் படம் எடுத்து, ஓலை வகுப்புக்குப் போகும்போது பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.